மாலை 7 மணிக்கு என்ன சமைக்கிறீர்கள்? எடை குறைக்க முயல்கிறவர்கள் எழுதுங்கள்

புதுத்தொடக்கம்

எனக்கு வயது 41, எடை 84 கிலோ, உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மூன்றாவது தடவையாக எடையைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறேன். முந்தைய இரண்டு தடவையும் எந்த இடத்தில் விட்டேன் என்று இந்த முறை நிதானமாக யோசித்துப் பார்த்தேன். காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை. மதியமும் பரவாயில்லை. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற மாலை 7 மணிதான் என்னைக் கவிழ்த்துவிடுகிறது. தோளில் பை தொங்கிக்கொண்டிருக்கும், அதை இறக்கி வைப்பதற்குள் பிஸ்கட் டப்பா கையில் வந்துவிடும். நின்றபடியே எட்டு பத்து தின்றுவிட்டு, இன்றைக்கு எப்படியும் கெட்டாயிற்று என்று இரவுச் சாப்பாட்டையும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன்.

மாடிப்படி ஏறும்போது வலது முட்டி வலிக்கிறது, அதனால் இந்த முறை விட மனமில்லை. எனக்கு வேண்டியது விடுமுறை நாளில் ஆற அமரச் செய்கிற சமையல் குறிப்பு இல்லை, அது என்னிடமே நிறைய இருக்கிறது. களைத்துப்போய் வந்து நிற்கும்போது 20, 25 நிமிடத்தில் முடிகிற, வயிறு நிஜமாகவே நிறைகிற உணவு வேண்டும். பச்சை இலையும் வெள்ளரியும் மட்டும் சாப்பிட்டால் 9 மணிக்கு மறுபடி பசிக்கிறது. உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

அடுப்படி

வாங்க தங்கச்சி. எனக்கு 58. உங்கள் 7 மணி எனக்கு நன்றாகத் தெரியும், பல வருடம் நானும் அந்த நேரத்தில்தான் தோற்றேன். ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அந்த நேரத்தில் உங்களுக்கு இருப்பது நிஜப் பசி. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்ட உடம்பு 7 மணிக்குக் கேட்கத்தான் செய்யும். அதைத் திட்டாமல் சோறு போடுவதுபோல ஒழுங்காக எதையாவது போட வேண்டும்.

நான் வாரத்தில் மூன்று நாள் செய்வது மசூர் பருப்பு சூப். ஊறவைக்க வேண்டாம், குக்கர் வேண்டாம், அதுதான் இதன் பெருமை. ஆரஞ்சு நிறத்தில் உடைத்த மசூர் 200 கிராம் எடுத்து நான்கைந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அகலமான பாத்திரத்தில் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் சீரகம், அது வெடித்ததும் ஒரு பெரிய வெங்காயம், தட்டிய பூண்டு நான்கு பல். வெங்காயம் ஒட்டுகிறது என்று எண்ணெயை மேலும் ஊற்றாதீர்கள், ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும், அதுவாகவே அடியிலிருந்து விட்டு வரும். பிறகு பருப்பு, பொடியாக நறுக்கிய கேரட் இரண்டு, கால் முட்டைக்கோஸ், 1.2 லிட்டர் தண்ணீர். கொதி வந்ததும் மேலே வெள்ளையாக நுரை கட்டும், அதைக் கரண்டியால் வழித்துவிடுங்கள், சூப் தெளிவாக வரும். தீயைக் குறைத்து 15 நிமிடம். ஆரஞ்சு நிறம் மஞ்சளாகி, பருப்பு வடிவம் இழந்து குழையும்போது தக்காளி மூன்று சேருங்கள். தக்காளியை முதலிலேயே போட்டால் அதன் புளிப்பு பருப்பை வேகவிடாமல் இழுத்தடிக்கும், நிறையப் பேர் செய்கிற தவறு இது. கடைசியில் உப்பு, மிளகு, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை.

நான்கு பேருக்கு வரும். நான் இரண்டு நாளுக்கு வைத்துக்கொள்வேன். முதல் நாளைவிட அடுத்த நாள் கெட்டியாகி இன்னும் ருசியாக இருக்கும், சூடாக்கும்போது கொஞ்சம் வெந்நீர் விட்டால் சரி.

கணக்குப்பிள்ளை

அடுப்படி அக்காவின் குறிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்குச் சுமார் 260 கலோரி, 13 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து வருகிறது. ஒரு கிண்ணத்துக்கு இது அருமையான கணக்கு. சூப்பைப் பற்றி ஒரு ஆய்வும் இருக்கிறது, 2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்தது. சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்கள், அந்தச் சூப்பின் கலோரியையும் சேர்த்தே, அந்த வேளையில் மொத்தமாக 20 சதவீதம் போலக் குறைவாகச் சாப்பிட்டார்கள். கன அளவு வயிற்றை நிரப்புகிறது, தண்ணீருக்குக் கலோரி இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

புதுத்தொடக்கம் அக்கா, இதோடு எண்ணெயையும் ஒரு வாரம் அளந்து பாருங்கள். நான் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். தினம் ஒரு ஸ்பூன்தான் விடுகிறேன் என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வழக்கம்போலப் பாட்டிலைச் சாய்த்து, வாணலிக்குப் பதிலாக ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அதை டேபிள்ஸ்பூனால் அளந்தேன். மூன்று வந்தது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி, எந்த எண்ணெயாக இருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். ஆக எனக்குத் தெரியாமலே தினம் 240 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி என்று வைத்தால் 32 நாளைக்கு ஒரு கிலோ. நடைமுறையில் உடம்பு இவ்வளவு நேர்க்கோட்டில் நடக்காதுதான், ஆனாலும் அந்த மூன்று ஸ்பூன் கிண்ணம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை, கொழுப்பும் உடம்புக்கு வேண்டும். அளந்து விடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இரவுப்பணி

எனக்கு 7 மணி என்பது காலை 7 மணி, இரவு வேலை முடிந்து வருகிற நேரம். கதை அதேதான். நான் கண்டுபிடித்த வழி, வீட்டுக்கு வந்தபின் சமைப்பதில்லை என்ற முடிவு. கிளம்புவதற்கு முன்பே ஒரு டப்பாவில் ஓட்ஸ் 40 கிராம், சர்க்கரை சேர்க்காத தயிர் 150 கிராம், தோலோடு துருவிய பாதி ஆப்பிள், ஒரு சிட்டிகை பட்டைத்தூள், கெட்டியாக இருந்தால் சிறிது தண்ணீர், எல்லாம் கலக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். திரும்பி வரும்போது ஓட்ஸ் தயிரை உறிஞ்சி மெத்தென்று ஆகியிருக்கும். ஸ்பூன் ஒன்று எடுத்தால் போதும், வேறு வேலை இல்லை. 300 கலோரிக்குள் முடிகிறது.

இன்னொன்று, தூக்கம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு இதுதான் பெரிய மாற்றம் தந்தது. 2022-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிக்கொண்டிருந்த, எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களை இரண்டு வாரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் சாப்பிட்ட அளவு சராசரியாகத் தினம் 270 கலோரி குறைந்தது. நான் கறுப்புத் திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்துத் தூங்க ஆரம்பித்த மாதம்தான் இனிப்பு மேல் இருந்த வெறி அடங்கியது.

சிறுமழை

எல்லாரும் நிதானமாக எழுதுகிறீர்கள், எனக்குப் பொறுமை இல்லை. வயது 24. பத்து நாளாகத் தினம் 800 கலோரிதான், காலையில் ஒன்றும் இல்லை, மதியம் ஒரு சூப், இரவு ஒரு சூப். 4 கிலோ இறங்கிவிட்டது. ஆனால் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இரவு 1 மணி வரை சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கனவிலும் சாப்பாடுதான் வருகிறது. குளிரே இல்லாத நாளில் கை ஜில்லென்று இருக்கிறது. இன்னும் மன உறுதி வேண்டுமா? இதைத் தாண்டிவிட்டால் பழகிவிடுமா?

நீள்நடை

சிறுமழை, தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இதைத் தாண்டினால் பழகாது. உங்களுக்கு மன உறுதிக்குக் குறைவே இல்லை, பத்து நாள் பட்டினி கிடந்திருக்கிறீர்கள். உடம்பு அபாய மணி அடிக்கிறது, அதைத்தான் நீங்கள் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

1944, 45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் ஒரு ஆய்வு நடத்தினார். உடல் நலமும் மன நலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அதில் சேர்ந்தார்கள். 24 வாரம் அவர்களுக்குத் தினம் கிட்டத்தட்ட 1570 கலோரி மட்டும் கொடுத்தார்கள். எடையில் கால்வாசி போனது. அதோடு என்ன ஆனது தெரியுமா? எப்போதும் குளிர்ந்தது, தலை சுற்றியது, எதிலும் மனம் ஒட்டவில்லை. சமையல் புத்தகங்களைச் சேகரித்துவைத்து இரவெல்லாம் படித்தார்கள். அதற்கு முன் சமையலில் துளி ஆர்வம் இல்லாத ஆண்கள் அவர்கள். நீங்கள் 1 மணி வரை பார்க்கிற வீடியோவும் அவர்கள் படித்த புத்தகமும் ஒன்றுதான். அவர்கள் சாப்பிட்டதில் பாதிதான் நீங்கள் சாப்பிடுகிறீர்கள்.

அந்த 4 கிலோவையும் நம்பாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டை வெட்டியதும் முதலில் கரைவது அதுதான். கொஞ்சம் தசையும் போயிருக்கும். நாளைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள், கண் இருட்டுவதை மறைக்காமல் சொல்லுங்கள். இன்றிரவு அந்தச் சூப்போடு இரண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். சாப்பிட்டேன் என்று இங்கே வந்து ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

சிறுமழை

சாப்பிட்டேன். ரொட்டி, முட்டை, ஒரு டம்ளர் பாலும். அழுகை வந்துவிட்டது. நாளை மருத்துவரிடம் அம்மா கூட வருகிறார்.

அடுப்படி

நல்ல பிள்ளை. போய்விட்டு வந்து சொல் கண்ணு.

கணக்குப்பிள்ளை

என் கலோரிக் கணக்கைப் பார்த்து யாராவது எண்ணிக்கையை இறக்கிக்கொண்டே போனால் அது எனக்கு வருத்தம். கணக்கு என்பது எண்ணெய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான். குறைத்தது போதும் என்று சொல்வதற்கும் அதே கணக்குதான் வேண்டும். நான் மூன்று வருடமாக எழுதி வைக்கிறேன், ஒரு நாள் 1400-க்குக் கீழே போயிருந்தால் மறுநாள் வேண்டுமென்றே கூட்டிச் சாப்பிடுவேன்.

நீள்நடை

தம்பி, உங்களுக்குக் கணக்கு ஒத்துவருகிறது, சந்தோஷம். எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் எல்லாவற்றையும் எடை போட்டுச் சாப்பிட்டேன். யார் வீட்டிலாவது அன்போடு ஒரு தட்டு வைத்தால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தட்டிலுள்ள எண்ணைத்தான் பார்த்தேன். அதனால் விட்டுவிட்டேன். இப்போது நான் வைத்திருப்பது தட்டு அளவு மட்டும்: பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ கோழியோ, மீதிக் கால் தட்டு சோறோ ரொட்டியோ கிழங்கோ. எண்ணெய்க்கு மட்டும் ஸ்பூன். ஆறு வருடமாக இதுதான். இரண்டு வழியும் வேலை செய்யும், யாருக்கு எது மனதைக் கெடுக்காமல் இருக்கிறதோ அது.

புதுத்தொடக்கம் தங்கச்சி, உங்கள் பிஸ்கட் டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்துப் பார்த்தது. இரண்டு வாரம் பாக்கெட்டில் வருகிற அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவு. முன்னால் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று விட்டார்கள். பாக்கெட் உணவில் இருந்தபோது அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் எடை குறைந்தது. அதே ஆட்கள், அதே மன உறுதி. ஆகவே டப்பாவை எட்டாத இடத்தில் வைப்பதை விடுங்கள், இரண்டு மாதம் வாங்காமலே இருந்து பாருங்கள்.

புதுத்தொடக்கம்

பத்தாவது நாள். சூப் நான்கு தடவை செய்துவிட்டேன். தக்காளியைக் கடைசியில் போட்டேன் அக்கா, நீங்கள் சொன்னது சரி, 15 நிமிடத்தில் குழைந்துவிட்டது. எட்டு நாள் அப்படி நன்றாகப் போனது.

நேற்று எல்லாம் போயிற்று. வேலையில் ஒரு பெரிய தவறு நடந்தது, என் தவறுதான், எல்லார் முன்னாலும் திட்டு கேட்க வேண்டியதாயிற்று. வருகிற வழியில் ஒரு கேக் வாங்கி, வீட்டுக்கு வருவதற்குள் பாதி முடித்துவிட்டேன், மீதியை இரவு. இன்று காலை எடை பார்த்தேன், நேற்றைவிட 1.3 கிலோ அதிகம். எட்டு நாள் உழைப்பு ஒரு நாளில் போய்விட்டதே என்று எடைக் கருவி மேலேயே நின்றுகொண்டிருந்தேன். இது எனக்கு வராது என்று தோன்றுகிறது.

நீள்நடை

1.3 கிலோ கொழுப்பு ஒரே நாளில் சேர வேண்டுமென்றால், உங்கள் உடம்பு செலவழித்ததற்கு மேல் பத்தாயிரம் கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு கேக்கில் அவ்வளவு கிடையாது. சர்க்கரை உள்ளே போனதும் முன்னே சொன்ன சேமிப்பு நிரம்பும், அதோடு தண்ணீரும் ஏறும், உப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் நிற்கும், வயிற்றில் இருப்பதும் எடைதான். மூன்று நாளில் பெரும்பகுதி தானாக இறங்கும். மாதவிடாய்க்கு முன்னும் இப்படி ஏறும், அப்போதும் பயப்பட வேண்டாம்.

வராது என்று சொல்லாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு ஆய்வு, 96 பேர், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம். அது யோசிக்காமல் தானாக வருவதற்கு எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவாக எடுத்தால் 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணித்தார்கள். அதில் எனக்கு மிகப் பிடித்த செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு ஏதும் ஏற்படவில்லை. நீங்கள் பத்தாவது நாளில் நிற்கிறீர்கள், எட்டு நாள் உள்ளே பதிந்துவிட்டது.

நான் 17 கிலோ குறைத்தவள். அதற்கு முன் இரண்டு தடவை குறைத்து, இரண்டு தடவையும் அவ்வளவும் திரும்ப ஏற்றிக்கொண்டவள். கேக் சாப்பிட்ட நாளில் நான் ஒருபோதும் கெடவில்லை. கெட்டது அதற்கு அடுத்த நாள், அபராதமாகப் பட்டினி கிடந்தபோது. பட்டினி கிடந்தால் மாலை 7 மணிக்கு மறுபடி கேக்தான். அதனால் இன்று காலை என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள், குறைக்காதீர்கள். சாயந்திரம் சூப். முடிந்தால் 10 நிமிடம் நடங்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், இப்போது தினம் 50 நிமிடம். முட்டி வலித்தால் சமதளத்தில் மெதுவாகப் போனால் போதும்.

வேலையில் நடந்தது கஷ்டம். அதை யாரிடமாவது சொன்னீர்களா? கேக்கிடம் சொல்வதற்குமுன் எங்களிடம் சொல்லுங்கள்.

அடுப்படி

சூப் செய்யக்கூடத் தெம்பில்லாத நாள் வரும் தங்கச்சி, நேற்று மாதிரி. அதற்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. முட்டைக்கோஸ் 200 கிராம், நூல் மாதிரி நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருங்கள், நாலைந்து நாள் தாங்கும். வாணலியில் 1 டீஸ்பூன் எண்ணெய், முட்டைக்கோஸ், உப்பு, இரண்டு ஸ்பூன் தண்ணீர், மூடி போட்டு 5 நிமிடம். திறந்தால் பாதியாகச் சுருங்கியிருக்கும், ஓரம் லேசாகச் சிவந்திருக்கும். நடுவில் இரண்டு குழி பண்ணி குழிக்கொரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி, திரும்ப மூடி 3 நிமிடம். மஞ்சள் கரு இறுக வேண்டுமென்றால் இன்னும் ஒரு நிமிடம். வாணலியோடு மேசைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். உட்கார்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன், நின்று தின்றது எதுவும் நமக்குச் சாப்பிட்ட மாதிரி இருப்பதில்லை.

அப்புறம் கொண்டைக்கடலை. விடுமுறை நாளில் அரை கிலோ ஊறவைத்து வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். 150 கிராம் வீதம் சின்ன டப்பாக்களில் ஃபிரீசரில் போட்டுவிடுங்கள், இரண்டு மாதம் ஒன்றும் ஆகாது. வேண்டும்போது ஒரு டப்பாவை வெந்நீரில் உதிர்த்து வடித்து, சூடான வாணலியில் எண்ணெய் இல்லாமல் புரட்டினால் தோல் மொறுமொறுவென்று வரும். வெங்காயம், வெள்ளரி, தக்காளி, எலுமிச்சை, மேலே இரண்டு கரண்டி தயிர். உங்களுக்கு வெள்ளரி மட்டும் தின்றால் 9 மணிக்குப் பசிக்கிறது என்றீர்களே, அதே வெள்ளரி கடலையோடு போனால் பசிக்காது.

கணக்குப்பிள்ளை

முட்டைக்கோஸ் முட்டை சுமார் 235 கலோரி, 15 கிராம் புரதம். கடலை டப்பா ஒன்று 245 கலோரி, 13 கிராம் புரதம், தயிர் தனி. இரண்டுமே மிக நல்லது அக்கா.

மலைப்பாதை

நான் சர்க்கரை நோயாளி, இன்சுலின் போடுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல யாராவது இருந்தால் அவர்களுக்காக இது. போன வருடம் எடை குறைக்கிற வேகத்தில் சோற்றையும் ரொட்டியையும் ஒரே நாளில் பாதியாக்கினேன். ஊசி அளவை மாற்றவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் கை நடுங்கி, சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்து, எதிரில் இருப்பவர் பேசுவது புரியாமல் போயிற்று. பக்கத்தில் இருந்தவர் சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தேன். உணவைக் குறைத்தால் மருந்தையும் சேர்த்துச் சரி செய்ய வேண்டும், மாத்திரைகளிலும் சில அப்படித்தான், அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். முதலில் அவரிடம் போய், இப்படிச் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

நோய் இன்னும் வராமல் எல்லையில் நிற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். 2002-ல் அமெரிக்காவில் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும் வாரம் 150 நிமிடம் நடப்பதையும் இலக்காக வைத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 84 கிலோவில் 7 சதவீதம் என்பது 6 கிலோவுக்கும் கீழே. சினிமாவில் வருகிற மாதிரி உடம்பு மாறவே வேண்டாம், அந்த 6 கிலோவே இவ்வளவு செய்யும். எனக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்கக் கூடாதா என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

சிறுமழை

வந்துவிட்டேன். இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, இரத்த அழுத்தமும் குறைவு என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், உணவியல் நிபுணரையும் பார்த்தேன். மூன்று வேளையும் சாப்பிட வேண்டும், இப்போதைக்கு எடை பார்க்கவே வேண்டாம் என்றார். பயமாக இருந்தது, ஏறிவிடுமே என்று. இரண்டு வாரம் ஆகிறது. கண் இருட்டுவது நின்றுவிட்டது, இரவு 11 மணிக்குத் தூக்கம் வருகிறது, வீடியோ பார்க்கத் தோன்றவே இல்லை, அது எப்படி நின்றது என்றுகூடக் கவனிக்கவில்லை.

உருளைக்கிழங்கைத் தொடவே கூடாது என்று நினைத்திருந்தேன். சாப்பிடலாம் என்று அவர் சொன்னபோது நம்பவில்லை. 1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் வயிறு நிறைந்த உணர்வு தருகிறது என்று பார்த்தார்களாம், வேகவைத்த உருளைக்கிழங்குதான் முதலிடம். வறுத்ததற்கு அந்தப் பெருமை இல்லை. இப்போது தோலோடு வேகவைத்து, உடைத்து, மேலே தயிர், மிளகு, நறுக்கிய வெங்காயத்தாள் போட்டுச் சாப்பிடுகிறேன். சூடான கிழங்கின் மேல் குளிர்ந்த தயிர் இறங்கி உருகும்போது சாப்பிட வேண்டும், அவ்வளவு நன்றாக இருக்கிறது. நீள்நடை அக்கா, அன்றைக்கு நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன்.

இரவுப்பணி

சிறுமழை, உங்கள் கிழங்கை இன்று செய்தேன். வேலைக்குக் கிளம்பும் முன் சாப்பிட்டது, விடியற்காலை 3 மணி வரை பசி தெரியவில்லை. வழக்கமாக 12 மணிக்கே இயந்திரத்தில் காசு போட்டு ஏதாவது பாக்கெட் எடுத்துவிடுவேன்.

நீள்நடை

எடை நின்றுவிட்டது, நகரவே இல்லை என்று தனியாகக் கேட்டு எழுதியவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 9 கிலோ குறைந்தபின் ஐந்து வாரம் முள் அசையவில்லை. உடம்பு சிறிதானால் அதற்குத் தேவையான சக்தியும் குறையும், அதனால் முன்பு குறைத்த அளவே இப்போது போதாமல் போகும். அந்த நேரத்தில் சாப்பாட்டை இன்னும் வெட்டாமல், வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிற பயிற்சி சேர்த்தேன், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைத்துத்தான். தசை போகாமல் நின்றது. இடுப்பளவு மட்டும் அந்த ஐந்து வாரத்திலும் குறைந்துகொண்டே வந்தது, அதனால் அளவு நாடா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குறைத்ததைக் காப்பது பற்றி ஒன்று. அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்கள் மட்டும் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்கள், பத்தில் ஒன்பது பேர் தினம் ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி செய்கிறார்கள், பெரும்பாலும் நடைதான். நானும் ஞாயிறு காலை மட்டும் பார்க்கிறேன். எடை பார்த்தால் மனம் கலங்குகிறவர்கள் சிறுமழை மாதிரி எடை பார்க்காமல், நாடாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதுத்தொடக்கம்

ஏழாவது வாரம் முடிந்தது. 80.9. வலது முட்டி இரண்டாவது மாடி வரை ஒன்றும் சொல்லவில்லை, மூன்றாவதில் லேசாக வலித்தது. முன்பு பத்தாவது படியிலேயே கம்பியைப் பிடித்துவிடுவேன்.

இப்போது 7 மணிக்கு என்ன செய்கிறேன் என்று எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவலாம். கதவைத் திறந்ததும் பையை இறக்குவதற்கு முன்பே பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறேன். அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டால் பருப்பைக் கழுவாமல் இருக்க முடியாது. சீரகம் தாளிக்கிற வரிசையெல்லாம் மாறிவிட்டது அக்கா, மன்னித்துவிடுங்கள், இப்போது கடைசியில்தான் தாளித்துக் கொட்டுகிறேன், ருசி ஒன்றும் கெடவில்லை. வேகும் நேரத்தில் ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டே முகம் கழுவி வந்துவிடுவேன். இந்த ஏழு வாரத்தில் பிஸ்கட் டப்பா வாங்கவில்லை. கேக் இன்னும் ஒரு தடவை நடந்தது, ஒரு துண்டு, தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுநாள் காலை வழக்கமான காலையாகவே இருந்தது.

ஒரு கேள்வி. உடைத்த மசூர் தீர்ந்துவிட்டது, வீட்டில் தோலோடு இருக்கிற முழு மசூர்தான் இருக்கிறது. அதைப் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும்? 15 நிமிடத்தில் வேகுமா?

அடுப்படி

வேகாது தங்கச்சி, 30, 35 நிமிடம் இழுக்கும். காலையில் கிளம்பும்போது கழுவித் தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போங்கள், மாலையில் 20 நிமிடத்தில் வெந்துவிடும். உடைத்தது மாதிரி குழையாது, முழுசாகத்தான் நிற்கும். ஒரு கரண்டி எடுத்து மசித்துத் திரும்பக் கலந்துவிட்டால் கெட்டியாகும். கடைசியில் தாளிப்பது நல்ல வழிதான், நானும் நாளைக்கு அப்படிச் செய்து பார்க்கிறேன்.